தாவலின் உயரம் எந்தப் பக்கத்தில்? – கேம் வடிவமைப்பு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேம் வடிவமைப்பு படிக்கும் இறுதியாண்டு மாணவ மாணவியருக்கு,



திட்டப்பணி ஒப்படைக்கும் நாள் நெருங்க நெருங்க, உங்களில் பலருடைய கணினியில் ஒரே மாதிரிக் கோப்பு ஒன்று திறந்தபடியே இருக்கும்: ஜிடிடி என்று நீங்கள் சுருக்கிச் சொல்லும் கேம் வடிவமைப்பு ஆவணம். முகப்பில் தீப்பிழம்பாய் ஒளிரும் தலைப்பு. உள்ளே ஓரம் கருகிய பழந்தாள் போன்ற பின்னணி. ஒவ்வொரு பக்கத்தின் நான்கு மூலையிலும் கொடிச் சித்திரம். நடுவே, பழுப்பின்மேல் பழுப்பாகப் பொடி எழுத்தில் கதைச்சுருக்கம். இதைச் செய்து முடிக்கத் தூக்கத்தை விட்டிருப்பீர்கள். அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காகவே இந்த மடல்.

ஆவணத்தின் தோற்றம் முக்கியமில்லை என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். மிகவும் முக்கியம். ஆனால் அது யாருடைய கண்ணுக்கான தோற்றம் என்பதில்தான் பெரும்பாலான மாணவர் ஆவணங்கள் தடம் மாறுகின்றன. முகப்பைப் பார்த்து வியப்பவர் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுவார். உங்கள் குழுவில் நிரல் எழுதும் தோழியோ அதே ஆவணத்தை வாரத்துக்குப் பலமுறை திறக்க வேண்டியவர். நாயகன் எத்தனை கட்டம் உயரம் தாவுவான் என்பது அவருடைய கேள்வி. விடை தேடிப் பதினேழு பக்கம் உருட்ட வேண்டியிருந்தால், இரண்டு மூன்று தடவைக்குமேல் அவர் ஆவணத்தைத் திறக்கமாட்டார், வாட்ஸாப்பில் கேட்பார். நீங்களும் நினைவிலிருந்து ஓர் எண்ணைச் சொல்வீர்கள். நிரலில் ஏறிய எண் ஒன்று, ஆவணத்தில் கிடக்கும் எண் வேறொன்று. அன்றோடு அந்த ஆவணத்தின் உயிர் போய்விடுகிறது.

ஆகவே, பக்கத்தை அழகாக்குவது என்றால் தேடுகிறவருக்கு விடை உடனே கண்ணில் படும்படி அதை அமைப்பது. எழுத்துரு, நிறம், இடைவெளி, படம் எல்லாமே அந்த ஒரு வேலைக்கு உழைக்க வேண்டும்.

தொழிலில் இருப்பவர்கள் எழுதிய உண்மையான ஆவணங்கள் சில இன்று வெளிப்படையாகக் கிடைக்கின்றன. கேன்வாவில் வார்ப்புரு தேடுவதற்கு முன் அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இயங்கிய டிஎம்ஏ டிசைன் நிறுவனம் 1995-ல் ஒரு கார் விளையாட்டுக்குத் திட்டம் போட்டது. பெயர் ‘ரேஸ் அண்ட் சேஸ்’. அந்த ஆவணத்தை, நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக் டெய்லி 2011-ல் பொதுவெளியில் வைத்தார். அதில் அலங்காரம் என்று எதுவும் கிடையாது. தட்டச்சு செய்த வெறும் பக்கங்கள். ஆனால் முதல் பக்கத்திலேயே பதிப்பு எண் 1.05 என்றும், தேதி 1995 மார்ச் 22 என்றும் இருக்கிறது. தலைப்புகளுக்கு வரிசை எண் இருக்கிறது. அந்த விளையாட்டுதான் பெயரும் உருவமும் மாறி 1997-ல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ ஆக வெளிவந்தது. காவலராக ஆடும் வாய்ப்பு போன்றவை வழியில் உதிர்ந்துபோயின. எது எந்தத் தேதியில் முடிவாக இருந்தது என்பதை இன்றைக்கும் சொல்ல முடிகிறதென்றால், பதிப்பு எண், தேதி ஆகிய அந்த இரண்டால்தான். மாணவர் ஆவணங்களில் கொடிச் சித்திரம் இருக்கும் அந்த மூலையில் இருக்க வேண்டியவை இவை.

இதற்கு நேரெதிர் முனையில் இருக்கிறது ‘கிரிம் ஃபாண்டாங்கோ’வின் புதிர் ஆவணம். லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் டிம் ஷாஃபரின் தலைமையில் 1996-ல் எழுதப்பட்டது, 72 பக்கம். 1998-ல் வெளிவந்த அந்த விளையாட்டின் பத்தாம் ஆண்டையொட்டி 2008-ல் ஷாஃபரே அதை வெளியிட்டார். கதை நாயகன் மானி எங்கே நிற்கிறான், கையில் என்ன இருக்கிறது, எதை எதோடு சேர்த்தால் என்ன நடக்கும் என்று புதிர் புதிராக அது நகர்கிறது. இடையிடையே பீட்டர் சானின் கோட்டோவியங்கள். அந்த ஓவியங்கள் பக்கத்தை நிரப்ப வைத்தவை அல்ல. எழுத்தில் சொன்ன இடம் எப்படி இருக்கும் என்பதைக் காட்டி, படிப்பவர் மனத்தில் எழும் குழப்பத்தைத் தீர்ப்பவை. 72 பக்கமும் படிக்கத் தூண்டுகிற ஆவணம் அது. நீளம் பிழையல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

அதே நிறுவனத்தில் ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டை உருவாக்கிய ரான் கில்பர்ட், புதிர்ச் சார்பு வரைபடம் ஒன்றைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு புதிரும் ஒரு பெட்டி. அதைத் தீர்க்க முன்னதாக எவையெல்லாம் முடிந்திருக்க வேண்டுமோ அவற்றிலிருந்து கோடுகள் வந்து சேரும். இதை ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டி, நான்கடி தள்ளி நின்று பாருங்கள். வரைபடம் அகலமாக விரிந்திருந்தால், ஆடுபவருக்கு ஒரே நேரத்தில் மூன்று நான்கு வேலை இருக்கிறது. ஒன்றில் திணறினால் வேறொன்றுக்குப் போகலாம். எல்லாம் ஒற்றைக் கயிறாகக் கீழே இறங்கினால், ஒரு புதிரில் மாட்டியவருக்கு ஆட்டமே நின்றுவிடும். இந்தக் குறையைப் பத்துப் பக்க உரைநடை மறைத்துவிடும், ஒரு படம் காட்டிக்கொடுத்துவிடும். தோற்றம் என்பது வடிவமைப்பின் மேல்பூச்சு இல்லை, அதுவே வடிவமைப்பு வேலை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

‘டூம்’ விளையாட்டுக்காக 1992-ல் டாம் ஹால் எழுதிய ‘டூம் பைபிள்’ பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாத்திரங்கள், கதை, இடங்கள் என்று விரிந்த ஆவணம். குழுவில் மற்றவர்கள் போக நினைத்த திசை வேறு. 1993 ஆகஸ்டில் ஹால், டூமை உருவாக்கிவந்த நிறுவனத்தைவிட்டு விலகினார். டிசம்பரில் டூம் வெளிவந்தபோது அந்தக் கதையில் பெரும்பகுதி அதில் இல்லை. ஆவணம் எவ்வளவு செறிவாக இருந்தாலும், குழு அதைத் தன்னுடையதாக ஏற்காவிட்டால் பயனில்லை.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்களில் ஸ்டோன் லைப்ராண்டி முக்கியமானவர். 2013-ல் வந்த ‘சிம்சிட்டி’யின் முதன்மை வடிவமைப்பாளர், மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவரும்கூட. 2010-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் ‘ஒரு பக்க வடிவமைப்பு’ பற்றிப் பேசினார். தடித்த ஆவணத்தை யாரும் படிப்பதில்லை, விக்கியாகப் பிரித்துப் போட்டாலும் அது பழசாகிவிடுகிறது என்பது அவர் அனுபவம். அவர் சொன்ன வழி: ஒரு பொருளுக்கு ஒரு பெரிய தாள். நடுவில் ஒரு படம். சுற்றிலும் வெற்றிடம் விட்டு, படத்தின் பகுதிகளைச் சுட்டும் குறிப்புகள். எது முக்கியமோ அது பெரிதாக இருக்கும். தலைப்பும் தேதியும் கட்டாயம். அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால், காபி எடுக்கப் போகிறவர்கூட நின்று பார்ப்பார், பேனாவால் திருத்துவார்.

உங்கள் ஆவணம் முழுவதையும் ஒரே தாளில் அடக்கச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழகங்கள் கேட்கும் தலைப்புகளே இருபது இருக்கும். ஆனால் ஒவ்வொரு பக்கமும் தனியாகப் பிரித்தெடுத்துச் சுவரில் ஒட்டத்தக்கதாக இருந்தால், அந்த இருபது பக்கமும் ஆவணத்துக்குப் பலம்.

படம் வரையத் தெரியாதே என்று தயங்குபவர்கள் நின்டெண்டோவின் பழைய தாள்களைப் பார்க்க வேண்டும். 1985-ல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் லெவல்களை ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தார்கள். 2015-ல் ‘சூப்பர் மாரியோ மேக்கர்’ வந்த சமயத்தில் இருவரும் அந்தத் தாள்களைக் காணொளியில் எடுத்துக் காட்டினார்கள். வரைந்த தாள் நிரலாளரிடம் போகும். அவர் அதை எண்களாக மாற்றுவார். திருத்தம் வேண்டுமென்றால் தாளை அழிப்பதில்லை. மேலே ஒளிபுகும் தாளை வைத்து, மாற வேண்டிய இடத்தை மட்டும் அதில் வரைந்து அனுப்புவார்கள்.

இந்த முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அந்தக் கால நின்டெண்டோ கருவியின் திரை 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம். மாரியோ நிற்கும் கல் ஒவ்வொன்றும் 16 புள்ளிச் சதுரம். ஆக, திரையில் குறுக்கே 16 கல், நெடுக்கே 15 கல். தாளில் உள்ள ஒரு கட்டம் திரையில் உள்ள ஒரு கல். வரைந்தவர் ‘இந்தக் குழாய் கொஞ்சம் தள்ளி’ என்று எழுத வேண்டியதே இல்லை. ஐந்து கட்டம் தள்ளி இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. நிரலாளர் எண்ணிக்கொள்ளலாம். ஒளிபுகும் தாளோ பழைய முடிவையும் புதிய முடிவையும் ஒருசேரக் காட்டுகிறது. எது மாறியது என்று தேடும் வேலையே இல்லை. சித்திரம் சிறப்பாக இருந்ததால் அல்ல, அளவு சரியாக இருந்ததால்தான் அந்தத் தாள் வேலை செய்தது.

உங்கள் ஆவணத்தில் இதை எப்படிச் செய்வது? மேலே சொன்ன தாவலையே எடுத்துக்கொள்வோம். மாணவர் ஆவணத்தில் அது வழக்கமாக இப்படி இருக்கும்: நாயகன் சுறுசுறுப்பாகத் தாவக்கூடியவன், தாவல் மென்மையாகவும் ஆடுபவருக்கு நிறைவு தருவதாகவும் இருக்கும், விளிம்பிலிருந்து சற்றே தாமதமாகத் தாவினாலும் அனுமதிக்கப்படும். மூன்று வரி. நிரல் எழுதுபவருக்கு இதில் ஒன்றும் கிடையாது.

அதே செய்தியை ஒரு பக்கமாக அமைத்துப் பாருங்கள். ஏ4 தாளை அகலவாட்டில் வையுங்கள். இடப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் மெல்லிய சாம்பல் நிறக் கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு கல், 16 புள்ளி. அதில் ஒரு மேடை, அதன் விளிம்பு, விளிம்பிலிருந்து எழுந்து இறங்கும் வளைகோடு. வளைகோட்டின் உச்சி நான்காம் கட்டத்தைத் தொடுகிறது. இறங்கும் இடம் ஐந்து கட்டம் தள்ளி. பொத்தானை லேசாகத் தட்டினால் எவ்வளவு, அழுத்திப் பிடித்தால் எவ்வளவு என்று இரண்டு வளைகோடுகள்; ஒன்று முழுக்கோடு, மற்றது விட்டுவிட்டு வரும் கோடு. விளிம்பைத் தாண்டியபிறகும் தாவ அனுமதிக்கும் அந்தச் சிறு அவகாசத்தைத் துறையில் கொயோட்டி நேரம் என்பார்கள். ‘செலஸ்ட்’ விளையாட்டில் இதுபோன்ற சலுகைகள் எத்தனை இருக்கின்றன என்று அதை உருவாக்கிய மேடி தார்சன் விளக்கியிருக்கிறார். உங்கள் விளையாட்டில் அது 6 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும்போது பத்தில் ஒரு நொடி. நாயகன் நொடிக்கு 90 புள்ளி வேகத்தில் ஓடுபவன் என்றால் அந்த நேரத்தில் 9 புள்ளி தூரம், அதாவது அரைக் கட்டத்துக்குச் சற்று மேல். அந்த 9 புள்ளியை விளிம்புக்கு வெளியே சிறு பட்டையாக நிழலிட்டுக் காட்டுங்கள்.

வலப்பக்கம் மிச்சமுள்ள இடத்தில் எண்கள் மட்டும்: உயரம், தூரம், ஓடும் வேகம், கொயோட்டி நேரம், தரையைத் தொடுமுன் அழுத்திய பொத்தானை எத்தனை ஃபிரேம் நினைவில் வைப்பது. மேலே ‘தாவல்’ என்ற தலைப்பு, பதிப்பு எண், தேதி, பொறுப்பாளர் பெயர். அடியில் ஒரு பட்டையில் இன்னும் முடிவாகாதவை: சுவரில் ஒட்டித் தாவலாமா, தண்ணீருக்குள் எப்படி? அவ்வளவுதான். இந்தப் பக்கத்தைப் பார்த்து நிரலாளர் அன்று மாலையே எழுதத் தொடங்கலாம். லெவல் வரைபவருக்கும் ஒரு செய்தி இதில் உண்டு: ஒரே மட்டத்தில் உள்ள இரண்டு மேடைக்கு நடுவே ஆறு கட்டம் இடைவெளி வைத்தால் யாராலும் தாண்ட முடியாது.

முடிவாகாதவற்றை வெளிப்படையாக எழுதுவது பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. தேர்வாளர் குறையாக எண்ணுவாரோ என்ற பயம். அதனால் எதுவும் தெரியாத இடத்தில் அழகான வாக்கியம் ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. கட்டட வரைபடத்தின் வலது கீழ் மூலையைப் பார்த்திருப்பீர்கள். அளவுகோல், வரைந்தவர், தேதி, எத்தனையாவது திருத்தம் எல்லாம் அங்கே ஒரு பெட்டிக்குள் இருக்கும். மேஸ்திரி முதலில் பார்ப்பது அதைத்தான், ஏனென்றால் பழைய வரைபடத்தை நம்பிச் சுவர் எழுப்பினால் இடிக்க வேண்டிவரும். உங்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் அப்படி ஒரு பெட்டி வேண்டும். ‘உறுதி’, ‘சோதனையில்’, ‘யோசனை மட்டும்’ என்று மூன்றே மூன்று நிலைகளில் எது என்று அதில் குறித்துவிட்டால் போதும்.

இனி, விளையாட்டின் கலைநடையைக் காட்டும் பக்கங்கள். ஆவணத்தை அலங்கரிக்கத் துடிக்கும் கைக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான ஆவணங்களில் இந்த இடத்தில் ஜிப்லி படங்களிலிருந்தும் பிறருடைய விளையாட்டுகளிலிருந்தும் எடுத்த இருபது படங்கள் நெருக்கியடித்து நிற்கும். எதற்காக என்று ஒரு வரி இருக்காது. படத்தைக் குறையுங்கள், ஆறு போதும். ஒவ்வொன்றின் கீழும் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம், எதை எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதுங்கள். ‘இந்த மாலை வெளிச்சம் வேண்டும், இந்த அளவு நுணுக்கமான இலைகள் வேண்டாம்’ என்ற ஒரு வரி ஓவியருக்கு ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும். படத்தை வரைந்தவர் பெயரையும் போடுங்கள், அது நன்றி.

வால்வ் நிறுவனத்தின் ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ 2007-ல் வந்தபோது, அதன் தோற்றத்தை எப்படி அமைத்தோம் என்று அந்தக் குழுவினர் ஒரு கட்டுரை எழுதினார்கள். கலைநடைப் பக்கம் எழுதும் எவரும் படிக்க வேண்டியது. லைன்டெக்கர் போன்ற இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககால அமெரிக்க ஓவியர்களிடமிருந்து என்ன எடுத்தோம் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதைவிட முக்கியம், எதிரே வருபவரைப் பார்த்ததும் ஆடுபவர் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒழுங்குபடுத்திய விதம். நண்பனா பகைவனா என்பதை நிறம் சொல்லும்: சிவப்பு அணி, நீல அணி. ஒன்பது வகைப் போராளிகளில் இவர் யார் என்பதை நிழலுருவம் சொல்லும். கையில் என்ன ஆயுதம் என்று தெரிய, மார்புப் பகுதியில் நிற மாறுபாடு கூடுதலாக இருக்கும். அந்தக் கட்டுரையில் ஒன்பது பேரும் கறுப்பு நிழலுருக்களாகவே வரிசையில் நிற்கிறார்கள். முகமோ நிறமோ இல்லாமலே ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

இதை நீங்கள் இன்றே செய்து பார்க்கலாம். உங்கள் பாத்திரங்கள் எல்லோரையும் கறுப்பால் நிரப்பி, திரையில் தெரியும் அதே அளவில் ஒரு வரிசையில் நிறுத்துங்கள். காவலனும் வியாபாரியும் ஒன்றுபோலத் தெரிந்தால் அது ஆவணத்தின் குறையல்ல, விளையாட்டின் குறை. ஆடுபவர் கையில் போவதற்கு முன்பே பிடிபட்டுவிட்டது.

நிறம் பற்றி ஓர் எச்சரிக்கை. சிவப்புக் கோடு எதிரி வரும் வழி, பச்சைக் கோடு நாயகன் போகும் வழி என்று வரைவது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு–பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. மற்ற நாட்டினரிடையே இது சற்றுக் குறைவு, ஆனாலும் ஒரு வகுப்பில் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு. பார்வையில் குறையே இல்லாவிட்டாலும் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் இரண்டு கோடும் ஒரே சாம்பல்தான். முழுக்கோடு, புள்ளிக்கோடு, முக்கோணம், வட்டம் என்று வடிவத்தால் முதலில் பிரித்துவிடுங்கள். நிறத்தைப் பிறகு சேர்க்கலாம். அடர்ந்த பின்னணியையும் அந்தக் கடைதான் அம்பலப்படுத்தும்: மை கொட்டி, எழுத்து மூழ்கி, தாள் நெளிந்து வரும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து சலிப்பானது என்று நினைக்காதீர்கள். இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிமாறுபாடு வேண்டும் என்கிறது. பழுப்பின்மேல் பழுப்பு இதில் தேறுவதே இல்லை. இலவசமாகச் சோதிக்கும் கருவிகள் நிறைய உண்டு.

எழுத்துருவுக்கு வருவோம். விளையாட்டின் தலைப்புக்கு என்று நீங்கள் வரைந்த எழுத்து முகப்பில் மட்டும் இருக்கட்டும். உள்ளே தலைப்புக்கு ஒன்று, உரைக்கு ஒன்று. அளவுகளும் மூன்றுக்குமேல் வேண்டாம்.

தமிழில் உரையாடல் எழுதும் குழுக்களுக்கு இங்கே தனியாக ஒரு வேலை இருக்கிறது. ஆவணம் ஆங்கிலத்தில், பாத்திரங்கள் பேசுவது தமிழில் என்று இருப்பதுதான் உங்களிடையே பரவலான வழக்கம். இரண்டு எழுத்தையும் ஒரே அளவில் வைத்தாலும் தமிழ் எழுத்து அகலமாக ஓடும். கொம்பும் சுழியும் கொண்ட வரிகளுக்கு இடைவெளியும் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஒரே குடும்பத்தில் இரு மொழிக்கும் எழுத்துள்ள நோட்டோ சான்ஸ், முக்தா மலர், கட்டமரான் போன்றவற்றை எடுத்தால் பக்கம் ஒட்டுப்போட்டதுபோல் தெரியாது. மூன்றுமே இலவசம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் யாரேனும் உரையாடல் தட்டச்சு செய்து தந்தால் உடனே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஆவணத்தில் அழகாகத் தெரிவது, நகலெடுத்து விளையாட்டுக்குள் ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும்.

யூனிகோடில் இருந்தாலும் கவலை தீராது. யூனிட்டியில் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ, இந்திய மொழிகளின் எழுத்துச் சேர்க்கையை நெடுங்காலமாகச் சரியாகக் கையாண்டதில்லை. ‘கொ’ என்று எழுதினால் கொம்பு இடம் மாறி, கால் தனியே நிற்கும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 மென்பொருள் இந்தச் சேர்க்கையைப் புரிந்துகொள்கிறது. எந்த மென்பொருளானாலும் சரி, உரையாடல் பக்கத்தில் வேர்டில் அடித்த வரிகளை வைக்காமல், உங்கள் விளையாட்டின் திரையிலேயே ஓடும் வரியைப் படம்பிடித்து வையுங்கள். ‘கௌ’, ‘ஸ்ரீ’, ‘நொண்டி’, ‘பூங்கொத்து’ என்று சிக்கல் தரும் எழுத்துகள் அந்த வரியில் இருக்கட்டும். தமிழ் பேசும் விளையாட்டுகள் இன்னும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. வருகிற ஒன்றிரண்டிலாவது எழுத்து உடையாமல் இருக்க வேண்டாமா?

டொரொன்டோவிலிருந்து 2023-ல் வந்த ‘வெண்பா’ விளையாட்டை உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். விசை கேம்ஸ் உருவாக்கியது. 2024-ல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வானது. கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமைக்கிறாள். குறிப்பேடு சிதைந்திருக்கிறது, வரிகள் அழிந்திருக்கின்றன. விட்டுப்போனதை ஊகித்துச் சமைப்பதுதான் புதிர். ஆடுபவருக்கு அது இன்பம். உங்கள் குழுவில் இருப்பவருக்கு அந்த நிலை வரக் கூடாது.

ஆவணத்தின் தோற்றத்துக்கு இத்தனை சொன்னபிறகு, அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005-ல் ‘நர்பாகுலர் டிராப்’ என்ற விளையாட்டைத் தங்கள் இறுதித் திட்டமாகச் செய்தார்கள். சுவரில் இரண்டு வாசல்களைத் திறந்து, ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளிவருவது அதன் அடிப்படை. அதைப் பார்த்த வால்வ் நிறுவனம் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது; 2007-ல் ‘போர்ட்டல்’ பிறந்தது. அவர்களுக்குக் கதவைத் திறந்தது ஆடிப்பார்க்கத்தக்க ஒரு விளையாட்டு. ஆவணத்தை மெருகேற்றும் மணி நேரம் ஒவ்வொன்றும் விளையாட்டிலிருந்து எடுத்த மணி நேரம். கொடிச் சித்திரத்துக்கு ஓர் இரவு என்பது மிகப் பெரிய விலை. தாவல் பக்கத்துக்கு ஓர் இரவு தகும், ஏனென்றால் மறுநாள் அது அப்படியே விளையாட்டாக மாறுகிறது.

மதிப்பெண் போடும் ஆசிரியர்களும் இதைப் படிக்கக்கூடும். குறைந்தபட்சம் இத்தனை பக்கம் என்ற நிபந்தனைதான் மாணவர்களைப் பெரிய எழுத்துக்கும் அகன்ற அலங்காரத்துக்கும் தள்ளுகிறது. பக்கத்தை எண்ணுவதற்குப் பதிலாக, மார்ச் மாத ஆவணத்தையும் ஏப்ரல் மாத ஆவணத்தையும் கேட்டு வாங்கி, எது மாறியது, ஏன் மாறியது என்று கேட்டால், மாணவரின் சிந்தனை ஓடிய தடம் தெரியும். ‘ரேஸ் அண்ட் சேஸ்’ ஆவணத்தின் 1.05 என்ற எண், அதற்கு முன்னரும் பதிப்புகள் இருந்தன என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. மாணவர் ஆவணத்திலும் அப்படி ஓர் எண் இருந்தால் அதற்கு மதிப்பெண் தரலாம்.

மாணவர்களே, ஒப்படைக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக ஆவணத்தை அச்செடுத்து, உங்கள் விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத வேறு குழுவினர் ஒருவரிடம் கொடுங்கள். மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: நாயகன் எவ்வளவு உயரம் தாவுவான்? இரண்டாம் லெவலில் சாவி எங்கே இருக்கிறது? இதில் எது இன்னும் முடிவாகவில்லை? அவர் பக்கம் புரட்டும்போது குறுக்கே பேசி உதவாமல், எந்தப் பக்கத்தில் தேங்குகிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டிய பக்கங்கள் அவைதான். மாற்றியதும் மூலையில் தேதியையும் மாற்றிவிடுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்.